வெனிஸ் ரயில் நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு, மூன்று பெரிய பெட்டிகளோடு: படகா, நடையா, மெஸ்த்ரேயா?

புதுப்பயணி:
ஜூன் கடைசியில் ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் வெனிஸ் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், படி என்றால்தான் முழங்கால் வலி. பெரிய பெட்டி மூன்று, கைப்பைகள் தனி. மாலை ஐந்து மணிக்குச் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கி, இரண்டு இரவு தங்கிவிட்டு மிலான் போக வேண்டும். ஊருக்குள் காரே கிடையாதாமே. மூன்று ஹோட்டல்கள் பார்த்து வைத்திருக்கிறேன்: நிலையத்தை ஒட்டிய லிஸ்டா டி ஸ்பான்யா தெருவில் ஒன்று, சான் மார்கோ சதுக்கத்துக்குப் பின்னால் ஒன்று, மெஸ்த்ரேயில் ஒன்று. எதைப் போடலாம்?

கணக்குப்பிள்ளை:
மெஸ்த்ரே. யோசிக்கவே வேண்டாம். வெனிஸுக்கு முந்தைய நிலையம், நிலப்பகுதியில் இருக்கிறது. இறங்கினால் எதிரிலேயே ஹோட்டல்கள், தார் ரோடு, டாக்ஸி, எல்லாம் உண்டு. பெட்டியை அறையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ். டிக்கெட் இரண்டு யூரோவுக்குள்தான். அதே வெனிஸில் படகுக்கு ஆளுக்கு 9.50 யூரோ, நாலு பேருக்கு 38. போக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை என்றால் 76 யூரோ. பெட்டியை நகர்த்துவதற்கு மட்டும்!

தோள்பை:
பெரிய பெட்டி மூன்று எதற்கு என்பதுதான் என் கேள்வி. இரண்டு இரவுக்கு ஒரு முதுகுப்பை போதும். அந்த ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படி வைத்த பாலங்கள். சக்கரம் எதற்கு உதவும்? அதோடு, சக்கரப் பெட்டி உருட்டினால் 500 யூரோ வரை அபராதம் என்று படித்த ஞாபகம்.

செங்காந்தள்:
தோள்பை தம்பி, அந்த அபராதக் கதை 2014இல் கிளம்பியது. நகராட்சி யோசித்தது சரக்கு வண்டிகளின் சத்தத்தைப் பற்றி, சுற்றுலாப் பயணிகளின் பெட்டிக்கு அல்ல என்று அப்போதே விளக்கிவிட்டார்கள். வருஷா வருஷம் யாராவது தூசி தட்டி எடுத்து வருகிறார்கள். அப்புறம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், மிலான் என்று சுற்றும் குடும்பத்திடம் போய் "பெட்டி எதற்கு" என்று கேட்பது பதிலாகாது.

மெதுநடை:
எல்லோரும் தூரத்தையும் காசையும் பேசுகிறீர்கள். வெனிஸில் எண்ண வேண்டியது பாலத்தை. ஒரு கிலோமீட்டர் சமதரை பெரிய விஷயமில்லை. நூறு மீட்டருக்குள் இரண்டு பாலம் வந்தால் அம்மா உட்கார்ந்துவிடுவார், நீங்கள் மூன்று பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் லிஸ்டா டி ஸ்பான்யா ஹோட்டல்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் அந்தத் தெரு. குல்யே என்ற பாலம் வரை நடுவில் ஒரு பாலமும் இல்லை. பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம், படகு டிக்கெட்டும் வேண்டாம். நிலையத்துக்கு வெளியே இடது பக்கம் பெருங்கால்வாய் மேல் பெரிதாகத் தெரிவது ஸ்கால்சி பாலம். அதைத் தாண்டினால்தான் ஹோட்டல் என்றால் "நிலையத்துக்கு அருகில்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
லிஸ்டா டி ஸ்பான்யா முழுக்க நினைவுப்பொருள் கடையும் கூட்டமும்தான். அதற்கு மெஸ்த்ரே ஹோட்டலைவிட அதிக வாடகை வேறு. பகல் பயணிகளுக்கு 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். மெஸ்த்ரேயும் அதே நகராட்சி என்பதால் அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. இணையத்தில் விலக்குப் பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

செங்காந்தள்:
வாடகைக் கணக்கு சரிதான். ஆனால் பெட்டி உங்களைப் படுத்துவது வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை. அம்மாவின் முழங்கால் இரண்டு நாளும் கூடவே இருக்கும். ஜூன் வெயிலில் மதியம் இரண்டு மணி நேரம் படுத்து எழ வேண்டும் என்று அவர் சொன்னால், மெஸ்த்ரேயிலிருந்து என்ன செய்வீர்கள்? முதலில் நிலையத்துக்கு வர வேண்டும், ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், மறுபடி வர வேண்டும். பகலெல்லாம் வெளியிலேயே கிடப்பார், பாவம்.

எங்கே தங்கினாலும் 48 மணி நேரப் படகு அட்டை வாங்குங்கள். ஆளுக்கு 35 யூரோ. வந்திறங்கும்போதே வாங்கினால் அதிலேயே பெட்டியும் போய்விடும். கணக்குப்பிள்ளை சார் சொல்லும் 76 யூரோ தனியாக வராது.

கணக்குப்பிள்ளை:
நாலு பேருக்கு 140 யூரோ அக்கா! அதையும் சொல்லுங்கள்.

செங்காந்தள்:
சொல்கிறேன், 140தான். மெஸ்த்ரேயில் தங்கினால் மட்டும் அம்மா ரியால்டோ பாலம் பார்க்கப் பறந்தா போவார்? அங்கிருந்து வந்தாலும் அதே படகுதான், அதே அட்டைதான்.

தோள்பை:
சரி, பெட்டியைக் குறைக்க முடியாது என்றால் நிலையத்திலேயே பெட்டி வைக்கும் இடம் இருக்கிறதே. பெரியது மூன்றையும் அங்கே போட்டுவிட்டு ஒரு சின்னப் பையோடு சான் மார்கோ போகட்டும். பாலமும் தொல்லையில்லை, பெட்டியும் தொல்லையில்லை.

மெதுநடை:
அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் மணிக்கணக்கில் காசு. ஒரு மதியத்துக்கு நல்ல ஏற்பாடு. மூன்று பெட்டி, இரண்டு இரவு என்றால் அதற்கே ஒரு நல்ல தொகை போய்விடும்.

சான் மார்கோதான் வேண்டும் என்றால் நடக்கவே வேண்டாம், 1ஆம் எண் படகு. நிலையத்துக்கு முன்னாலேயே ஃபெரோவியா துறை. லிடோ பக்கம் போகும் மேடையில் நில்லுங்கள், எதிர்த்திசைக்கு வேறு மேடை. பெருங்கால்வாய் முழுக்க நின்று நின்று போகும், சான் மார்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைக்கச் சொல்வார்கள். ஏறுமுன் டிக்கெட்டை எந்திரத்தில் காட்டிப் பதிவு செய்ய மறந்தால் அபராதம். ஒருவருக்கு ஒரு பெட்டிதான் இலவசம், அதுவும் நீள அகல உயரத்தைக் கூட்டினால் 150 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 28 அங்குலப் பெட்டி என்றால் வீட்டிலேயே அளந்து பாருங்கள்.

தோள்பை:
அந்தப் படகு கிளம்புவது முந்தைய துறையான பியாட்சாலே ரோமாவிலிருந்து. அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஃபெரோவியாவில் ஏறினால் அம்மா நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

மெதுநடை:
நிலையத்திலிருந்து அங்கே போவது எப்படி? கலத்ராவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2008இல் திறந்த பாலம் வழியாக. அகலமான பாலம், படிகளில் கண்ணாடி, வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம், கடைசியில் கண்ணாடிக்குப் பதில் கல் பதிக்க நகராட்சியே முடிவு செய்தது. படிக்குப் பயந்து படகுக்குப் போகிறவரை முதலில் அந்தப் பாலத்தில் ஏற்றச் சொல்கிறீர்கள். கூட்டமாக இருந்தால் ஒரு படகை விட்டு அடுத்ததில் ஏறலாமே.

புதுப்பயணி:
தண்ணீர் டாக்ஸி பற்றி யாரும் பேசவில்லையே? ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிடும் என்கிறார்கள்.

செங்காந்தள்:
ஹோட்டலுக்குத் தண்ணீர் பக்கம் வாசல் இருந்தால் இறக்கிவிடும். இல்லையென்றால் பக்கத்துப் படித்துறையில் விட்டுவிடுவார்கள், மீதி நடை. நாலு பேர் படகு டிக்கெட்டைவிட நிச்சயம் அதிகம், விலையை ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். நிலையத்தில் சுமைதூக்குபவர்களும் உண்டு, அவர்களிடமும் முதலிலேயே பேச வேண்டும்.

இன்னொன்று. விலாசத்தை வைத்து இடம் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே வீட்டு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரம் முழுவதற்கும் ஓடும். கன்னரேஜியோ என்று வட்டாரப் பெயர், பிறகு ஒரு நாலிலக்க எண் என்றால் எந்தச் சந்து என்று தெரியாது. ஹோட்டலுக்கே எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து எத்தனை பாலம், உள்ளே லிஃப்ட் உண்டா. பழைய கட்டடங்கள், லிஃப்ட் இல்லாதவை நிறைய.

புதுப்பயணி:
இரண்டுக்கும் எழுதினேன். சான் மார்கோ ஹோட்டலுக்குத் துறையிலிருந்து இரண்டு பாலமாம், லிஃப்ட் இல்லையாம். லிஸ்டா டி ஸ்பான்யாவில் பாலமே இல்லை, லிஃப்ட் உண்டு. ஆனால் அந்த லிஃப்டுக்குப் போகப் பதினோரு படி ஏற வேண்டுமாம். அதையே போட்டுவிட்டேன். பதினொன்றை அம்மா சமாளிப்பார்.

கணக்குப்பிள்ளை:
மெஸ்த்ரே ஹோட்டலுக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பதிவை ரத்து செய்யக் கடைசித் தேதி எது?