தெற்கே போற படகு: நார்ஃபோக்லேர்ந்து பிமினி வரை (குடும்பக் குழு)

கவிதா: மாமா, நவம்பர் 1 வர்ஜீனியால நார்ஃபோக்லேர்ந்து பாய்மரப் படகுல கிளம்பறோம், அமெரிக்கக் கிழக்குக் கரையோரக் கால்வாய் வழியா. கிறிஸ்துமஸ் அன்னிக்கு பஹாமாஸ்ல பிமினி தீவுல இருக்கணும்னு ஆசை. நடக்குமா?

சுந்தரம் மாமா: கணக்குப் பாரும்மா. நார்ஃபோக் மைல் 0, மயாமி ஏறக்குறைய மைல் 1,090. கால்வாய் வழில மைல்னா தரை மைல், கடல் மைல் இல்ல. நவம்பர்ல வெளிச்சமே பத்து மணி நேரம்தான். தினம் 50 மைல் போனா ஓடற நாள் மட்டும் 22. காத்து, மூடுபனி, ரிப்பேர் எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டால பெருக்கிக்கோ. டிசம்பர் நடுவுல மயாமி வரலாம். அதுக்கப்புறம் கடல் தாண்டற தேதிய காத்துதான் வைக்கும்.

மீனாட்சி அத்தை: பிமினிக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டு யாரையும் வரச் சொல்லிடாதே கவி. அந்த டிக்கெட்டுக்காகத்தான் ஜனங்க தப்பான காத்துல கிளம்பறாங்க.

பிரபு: மாமா, கொடிமரம் தண்ணி மட்டத்துலேர்ந்து 61 அடி, மேல ஆன்டெனா 3 அடி. பாலமெல்லாம் 65 தானே?

செந்தில்: எல்லாம் இல்ல மாப்ளே. மைல் 126 பக்கம் வில்கர்சன் பாலம் 64தான். அங்க ஓதம்னு (கடல் தண்ணி தினம் ஏறி இறங்கறது) ஒண்ணும் பெரிசா கிடையாது, காத்துதான் தண்ணிய ஏத்தி இறக்கும். தூண்ல உயரப் பலகை இருக்கும், தண்ணி அதுல எந்த எண்ணத் தொடுதோ அதுதான் அந்த நேரத்து இடைவெளி. 65க்குக் கீழ காட்டினா நில்லு, இல்ல ஆன்டெனாவக் கழட்டு. மயாமில ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். உனக்கு அந்த வழியே கிடையாது, மயாமிக்கு முன்னாடி ஃபோர்ட் லாடர்டேல்லேயே கடலுக்கு வெளிய வந்துடு.

செந்தில்: திறக்கற பாலத்துக்கு ரேடியோல கூப்பிடணும். வர்ஜீனியா, வட கரோலினால சேனல் 13. தென் கரோலினாலேர்ந்து ஃப்ளோரிடா வரைக்கும் 9. மாத்த மறந்துட்டு, பதிலே வரலைன்னு பாலத்து முன்னாடி சுத்திக்கிட்டே இருப்பாங்க.

கவிதா: இன்ஜினுக்கு என்னண்ணா எடுத்து வைக்கணும்?

செந்தில்: டீசல் ஃபில்டர் ஆறு, இம்பெல்லர் (கூலிங் தண்ணி பம்புக்குள்ள சுத்தற ரப்பர் சக்கரம்) ரெண்டு, அதோட கேஸ்கெட், பெல்ட் ரெண்டு. வட கரோலினால ஆல்பமார்ல் சவுண்ட்ங்கற உப்பங்கழி ஆழம் இல்லாத தண்ணி, கொஞ்சம் காத்து அடிச்சாலே குட்டையா, செங்குத்தா அலை எழும்பும். அந்தக் குலுக்கல்ல டேங்க் அடியில வருஷக்கணக்கா கெடந்த கசடு கலங்கி ஃபில்டர்ல வந்து அடைக்கும். இன்ஜின் சத்தம் தானா எறங்கி ஏறினா அதுதான். நிக்கற வரைக்கும் காத்திருக்காதே. நார்ஃபோக்லேயே ஃபில்டர மாத்திட்டு, டீசல் குழாய்ல புகுந்த காத்த வெளிய எடுக்கற ஸ்க்ரூ எதுன்னு பெயின்ட்ல அடையாளம் போட்டு வை.

செந்தில்: இம்பெல்லர் இறக்கை ஒடைஞ்சிருந்தா புதுசப் போட்டதோட விடாதே. ஒடைஞ்ச துண்டுகள எண்ணு. ஆறு இறக்கைல ரெண்டு காணோம்னா அந்த ரெண்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இன்ஜின் சூட்டத் தணிக்கற பகுதி) வாயில ஒக்காந்திருக்கும். அதை எடுக்கலேன்னா மறுபடி சூடாகும்.

பிரபு: தரை தட்டினா, மச்சான்?

சுந்தரம் மாமா: நான் சொல்றேன் மாப்ளே. முதல்ல ஓதம் ஏறுதா இறங்குதான்னு பாருங்க. ஏறுதுன்னா ஒரு நங்கூரத்தப் போட்டுட்டு டீ போடுங்க. இறங்குதுன்னா அஞ்சு நிமிஷத்துக்குள்ள வேலை: பூமை (பாயோட அடியில இருக்கற குறுக்குக் கம்பை) ஒரு பக்கம் தள்ளி, ஆள அதுல சாய வெச்சு படகச் சாய்ச்சா கீல் (படகோட அடித்தண்டு) கொஞ்சம் மேல வரும். வந்த வழியே வெளிய எடுங்க. ரிவர்ஸ்ல ரொம்ப முறுக்கினா சேறு பூரா கூலிங் தண்ணியோட இன்ஜினுக்குள்ள போயிடும். ஜார்ஜியால ஓதம் 7லேர்ந்து 9 அடி. அங்க ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர்ங்கற ஆழம் கம்மியான ரெண்டு இடத்தையும் ஏறுற ஓதத்துல, பாதிக்கு மேல ஏறினப்புறம் தாண்டுங்க. உச்சத்துல போய் மாட்டினா அடுத்த உச்சம் வரைக்கும் சேறுதான்.

சுந்தரம் மாமா: அங்க நங்கூரச் சங்கிலியும் உச்ச ஓதத்துக்குக் கணக்குப் பண்ணணும். வத்தத்துல 10 அடி ஆழம், ஏத்தம் 8, தண்ணிக்கு மேல படகோட முன்பக்க உயரம் 4. மொத்தம் 22. அஞ்சு மடங்குன்னா 110 அடி. 10க்கு மட்டும் கணக்குப் போட்டு 50 அடி விட்டவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு நகர்ந்துக்கிட்டிருப்பாங்க.

மீனாட்சி அத்தை: பயமுறுத்தறதே வேலையாப் போச்சு இவங்களுக்கு. கவி, தென் கரோலினால வாக்கமா ஆத்துல காலைல ஆறு மணிக்கு வெளிய வந்து நில்லு. சைப்ரஸ் மரத்துலேர்ந்து பாசி தொங்கும், தண்ணிமேல ஆவி எழும்பும், ஒரு சத்தம் இருக்காது. தெற்க போகப் போக ராத்திரி படகோட அடிப்பக்கத்துல கடுகு பொரியற மாதிரி சடசடன்னு கேக்கும். படகு விரியுதுன்னு பயந்துடாதே, அது சொடுக்கு இறால். படுக்கைல காத வெச்சுக் கேட்டா நல்லாத் தெரியும்.

மீனாட்சி அத்தை: ஜார்ஜியா வரைக்கும் குளிரு இருக்கு. கேஸ் ஹீட்டர் போட்டா ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கை பக்கத்துல இருக்கட்டும்.

பிரபு: கடைசிக் கட்டம், மாமா?

சுந்தரம் மாமா: மயாமி–பிமினி சுமார் 45 கடல் மைல். நடுவுல கல்ஃப் ஸ்ட்ரீம்ங்கற கடல் நீரோட்டம் வடக்கே ஓடுது, சராசரி 2.5 நாட்னு (மணிக்கு 2.5 கடல் மைல்) வெச்சுக்கோங்க. உங்க வேகம் 5. நேர்க் கோட்டுக்கு 30 டிகிரி தெற்கால முகத்தத் திருப்பணும். முன்னேற்றம் 4.3 நாட்தான் கிடைக்கும், பத்தரை மணி நேரம். ராத்திரி பன்னெண்டுக்குக் கிளம்பினா பத்தரைக்கு, வெயில் உசரத்துல இருக்கறப்போ சேரலாம். அப்பதான் தண்ணி நிறம் பாத்து ஆழம் சொல்ல முடியும். ஓட்டம் எல்லா இடத்துலயும் ஒரே வேகம் இல்ல. ஒரு திசையப் பிடிச்சு நில்லுங்க. ஜி.பி.எஸ் திரைல தெரியற நேர்க் கோட்டத் துரத்தினா நேரமும் டீசலும்தான் போகும்.

சுந்தரம் மாமா: வாடை கலந்த காத்து துளி இருந்தாலும் கிளம்பாதீங்க. வடக்கே ஓடற தண்ணிக்கு எதிரா வடக்குக் காத்து அடிச்சா அலை சுவர் மாதிரி நிக்கும். குளிர்முகப்பு (முன்னேறி வர்ற குளிர் காத்தோட முன்விளிம்பு) வர்றப்போ காத்து தென்கிழக்கு, தெற்கு, மேற்கு, வடமேற்கு, வடக்குன்னு சுத்தும். கிழக்கு தாண்டி தென்கிழக்குக்கு வந்து, ஒரு நாள் பூரா நின்னு, அலை அடங்கினதும் போகலாம். அந்த இடைவெளி ரெண்டு நாள்ல வரும், சில சமயம் பத்து நாள்.

கவிதா: அப்ப கிறிஸ்துமஸ் மயாமிலன்னே வெச்சுக்கறோம் மாமா. யாருக்கும் டிக்கெட் போடல.

மீனாட்சி அத்தை: சரிம்மா. மஞ்சக் கொடி எடுத்து வெச்சாச்சா? பஹாமாஸ்ல சுங்கம் முடியற வரைக்கும் அது பறக்கணும், அதுவரை கேப்டன் மட்டும்தான் கரை இறங்கலாம்.

பிரபு: ரெண்டு வாங்கியாச்சு அத்தை. ஆன்டெனாவ நாளைக்கு டேப் வெச்சு மறுபடி அளக்கறேன்.