சில்வர் ஸ்கை எஸ்இ-யா, ஸ்குவையர் கிளாசிக் வைபா? கடையில் கேட்ட வித்தியாசம் கிட்டாரோடதா, செட்டப்போடதா (கம்பி, நெக் சரிபண்ணி வெச்ச விதம்)?

மடிப்பாக்கம்_தம்பி:
வணக்கம் அண்ணன்களே. அகூஸ்டிக்ல இருந்து முதல் எலக்ட்ரிக்குக்கு மாறப் போறேன். கிளீன் டோன்தான் அதிகம், மூணு சிங்கிள் காயில் பிக்அப் (கம்பியோட அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைச் சுருள் காந்தம்) இருக்கணும். மவுண்ட் ரோட்ல ஒரு கடையில ரெண்டு பீஸ் வாசிச்சுப் பார்த்தேன். ஒண்ணு கிட்டாரிஸ்ட் ஜான் மேயர் பேர்ல வர்ற பிஆர்எஸ் எஸ்இ சில்வர் ஸ்கை, இன்னொண்ணு ஸ்குவையர் கிளாசிக் வைப் 60ஸ் ஸ்ட்ராட். கடையில சொன்ன விலைப்படி முதலாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

பிஆர்எஸ் கணீர்னு இருந்தது. ஸ்குவையர்ல 6வது (ரொம்ப தடிச்ச) கம்பி முதல் நாலு ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை) கரகரங்குது. 1வது கம்பியை 14வது ஃப்ரெட்ல ஒரு முழு டோன் பெண்ட் (கம்பியைத் தள்ளி சுருதி ஏத்தறது) பண்ணா சத்தம் பாதியில செத்துப் போகுது. ஒலியும் கொஞ்சம் மெலிசு. இதெல்லாம் விலைக்கேத்த வித்தியாசமா, இல்ல சரி பண்ணக்கூடியதா? கையில இருக்கிற பணத்துல பிஆர்எஸ் வாங்கிடலாம், ஆனா அதுக்கப்புறம் பாக்கெட் காலி.

ஆறாம்கம்பி:
தம்பி, நாலு விவரம் சொல்லுங்க. ரெண்டுலயும் என்ன கேஜ் (தடிமன்) கம்பி? ஒரே ஆம்ப், ஒரே செட்டிங்கா? ஸ்குவையர் எவ்வளவு நாளா டிஸ்ப்ளேல தொங்குது? வீட்ல என்ன ஆம்ப்?

மடிப்பாக்கம்_தம்பி:
ஸ்குவையர்ல 9-42 (1வது, 6வது கம்பியோட தடிமன், அங்குலத்தோட ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல), பிஆர்எஸ்ல 10-46னு சேல்ஸ்மேன் சொன்னார். ஆம்ப் ஒண்ணுதான், ஆனா வால்யூமை நடுவுல அவர் திருப்பினார். ஸ்குவையர் பல மாசமா தொங்குதாம், கம்பியில துருப்புள்ளி தெரியுது. வீட்ல 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப்.

ஆறாம்கம்பி:
அப்போ நீங்க ரெண்டு கிட்டாரை ஒப்பிடவே இல்ல. புதுக் கம்பியையும் துருக்கம்பியையும், 10-ஐயும் 9-ஐயும் ஒப்பிட்டிருக்கீங்க.

ரெண்டுக்கும் ஸ்கேல் நீளம் (கம்பி அதிர்ற நீளம்) 25.5 அங்குலம்தான். அந்த நீளத்துல 9-42 செட் ஸ்டாண்டர்ட் டியூனிங்ல நெக்கை மொத்தமா 38 கிலோ அளவுக்கு இழுக்கும், 10-46 செட் 47 கிலோ அளவுக்கு. இழுவை குறைஞ்சா நெக் நிமிரும். 10-க்கு செட் பண்ணின நெக்ல 9 போட்டாலோ, மாசக்கணக்குல தொங்கி மரம் கொஞ்சம் நகர்ந்தாலோ, ரிலீஃப் (நெக்கோட லேசான முன்வளைவு) போயிடும். முதல் நாலு ஃப்ரெட்ல கரகரன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஒலி மெலிசா தெரிஞ்சதுக்கும் பாதிக் காரணம் கம்பி. மீதி, சேல்ஸ்மேன் திருப்பின வால்யூம். ஒண்ணு ரெண்டு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் நல்ல கிட்டார்னு சொல்லும்.

சரிபார்க்க ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள்) அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலும் போதும். கிட்டார் கடையில தேட வேண்டாம். டூவீலர் மெக்கானிக் டேப்பட் செட் பண்ற அதே ஃபீலர் கேஜ்தான், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கும்.

கம்பியை சரியா டியூன் பண்ணிட்டு 1வது ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டுங்க. 6வது கம்பியைக் கடைசி ஃப்ரெட்ல அழுத்திப் பிடிச்சு, 8வது ஃப்ரெட் தலைக்கும் கம்பிக்கும் நடுவுல தகட்டை விடுங்க. 0.25 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காம, தளர்வா ஆடாம உரசிக்கிட்டுப் போகணும். இடைவெளியே இல்லேன்னா நெக் நேரா இருக்கு, இல்ல பின்னாடி வளைஞ்சிருக்கு. டிரஸ் ராடை (நெக் உள்ள இருக்கிற இரும்புக் கம்பி) இடப்பக்கமா கால் சுத்து தளர்த்தி, மறுபடி டியூன் பண்ணி, பத்து நிமிஷம் விட்டு அளக்கணும். ஒரே மூச்சுல அரைச் சுத்துக்கு மேல போகாதீங்க. கடைப் பீஸ்ல நீங்க கை வைக்க வேண்டாம், அங்க செட்டப் பண்றவரையே பண்ணச் சொல்லுங்க. வாங்கற பொருளுக்கு அதுகூட செய்ய மாட்டேன்னா வேற கடை பாருங்க.

ரிலீஃப் சரியானதும் கேப்போவைக் கழட்டி, 17வது ஃப்ரெட்ல கம்பி உயரம் பாருங்க. 1வது, 6வது ரெண்டும் 1.6 மி.மீ.ல ஆரம்பிக்கலாம்.

பெண்ட் சாகற விஷயம் வேற. அது மேல் ஃப்ரெட் பிரச்சினை, டிரஸ் ராடால தீராது. 1வது கம்பி சேடிலைத் (பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற தாங்கி) தூக்கி 1.8 மி.மீ.க்குக் கொண்டு வாங்க. அப்பவும் செத்தா ஏதோ ஒரு ஃப்ரெட் தூக்கலா இருக்கு. ஏடிஎம் கார்டோட நேர் விளிம்பை மூணு ஃப்ரெட் மேல நிறுத்தி ஆட்டுங்க. டக்டக்னு ஆடினா நடு ஃப்ரெட்தான் ஆள். 14ல பெண்ட் பண்றப்ப அது 15லயோ 16லயோ இருக்கும். அந்தப் பீஸை விட்டுட்டு வேற பீஸ் எடுத்துத் தரச் சொல்லுங்க. புதுசா வாங்கறப்ப ஃப்ரெட் லெவலிங் செலவை உங்க தலையில ஏத்திக்காதீங்க.

டோன்_கிறுக்கன்:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. வீடியோல எல்லாரும் கேட்டு மயங்கற சில்வர் ஸ்கை எது? 2018ல வந்தது அமெரிக்காவுல மேரிலாண்ட்ல செய்யற கிட்டார். எஸ்இ 2022ல வந்தது, இந்தோனேசியாவுல செய்யறது. பேர் ஒண்ணுதான். அமெரிக்கால செஞ்சதுல பாடி ஆல்டர் மரம், எஸ்இ-ல பாப்லர். அதுல லாக்கிங் டியூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கிற முறுக்காணி), இதுல சாதாரண விண்டேஜ் டைப். அதுல எலும்பு நட் (நெக் மேல்முனையில கம்பி உட்கார்ற பட்டை), இதுல செயற்கை. பிக்அப் 635ஜேஎம், இதுல 635ஜேஎம் எஸ். ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தற பலகை) வளைவோட ஆரம் அதுல 7.25 அங்குலம், இதுல 8.5. ஆக எஸ்இ-யே ஒரு "விலை குறைஞ்ச அதே மாதிரி" மாடல்தான். ஸ்டாருடைய கிட்டாரையே வாங்கறோம்னு நினைச்சு ரெண்டு மடங்கு கொடுக்காதீங்க.

அந்த வளைவு பத்தி எல்லாரும் பெருசா பேசுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 12வது ஃப்ரெட்ல நெக் அகலம் 52 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். ஓரத்தைவிட நடுப்பகுதி எவ்வளவு மேடுன்னா, 7.25ல 1.84 மி.மீ., 8.5ல 1.57, ஸ்குவையரோட 9.5ல 1.40. எஸ்இ-க்கும் ஸ்குவையருக்கும் 0.17 மி.மீ. ஏ4 பேப்பர் ரெண்டுகூட இல்ல! அதை விரல் கண்டுபிடிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. உங்க விரல் கண்டுபிடிச்சது ஃப்ரெட் சைஸையும் நெக் பின்பக்க வடிவத்தையும்தான். ஸ்குவையர்ல ஃப்ரெட் ஒல்லியா உயரமா இருக்கும், மொத்தம் 21. எஸ்இ-ல 22. எஸ்இ நெக் 1963, 64 காலத்து கிட்டார்களைப் பார்த்து செதுக்கினது.

பாண்டிபஜார்_பிளெக்ட்ரம்:
நான் எதிர்க்கட்சி. பிக்அப் மாத்தலாம், நட் மாத்தலாம், ஃப்ரெட்கூட மாத்தலாம். நெக் வடிவத்தை மாத்த முடியாது. கண்ணை மூடிட்டு ரெண்டு நெக்கையும் பத்துப் பத்து நிமிஷம் பிடிங்க, ஆம்ப்ல சொருகாம. பார் கார்டு (ஒரே விரலால எல்லாக் கம்பியும் அழுத்தறது), கட்டை விரல் மேல வந்து 6வது கம்பியைப் பிடிக்கிறது, 12க்கு மேல பெண்ட், மூணும் பண்ணுங்க. பிஆர்எஸ் நெக்தான் கைக்கு ஒட்டுதுன்னா பணம் கொடுங்க, அது வீண் இல்ல. பிஆர்எஸ்ல ரெண்டு பாயிண்ட் ட்ரெமலோ (ஆர்மை அசைச்சு சுருதி ஆட்டற பிரிட்ஜ்), ஸ்குவையர்ல ஆறு ஸ்க்ரூ விண்டேஜ் டைப். ஆர்ம் அடிக்கடி பிடிக்கிறவருக்கு ரெண்டு பாயிண்ட்ல உராய்வு குறைவு. ட்ரெமலோவே தொட மாட்டேன்னா இந்தக் காரணம் அடிபட்டுப் போச்சு.

ஸ்குவையர் நெக்ல பளபளன்னு பூச்சு. நம்ம ஊர் வேர்வைக்கு உள்ளங்கை ஒட்டும். 2000 நம்பர் எமரி ஷீட்டால நெக் பின்பக்கம் மட்டும் நீளவாக்குல லேசா தேய்ச்சா பளபளப்பு போய் மேட் ஆயிடும். ஃபிங்கர்போர்டு பக்கம் போகாதீங்க. வாரண்டி முடிஞ்சப்புறம் செஞ்சா நல்லது.

ஈயம்_கம்பி:
யமஹா பசிஃபிகா 612-ஐயும் ஒரு தடவை கையில எடுங்க. செய்மூர் டங்கன் பிக்அப், வில்கின்சன் பிரிட்ஜ், குரோவர் லாக்கிங் டியூனர் எல்லாம் கம்பெனியிலேயே வருது. ஆனா பிரிட்ஜ்ல ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்அப்), ஃபிங்கர்போர்டு 13.75 அங்குலம், கிட்டத்தட்ட தட்டை. மேயர் நெக்குக்கு நேர் எதிர். மூணு சிங்கிள் காயில்னு நீங்க கேட்டதால இது ரெண்டாம் பட்சம்.

ஸ்குவையர் எடுத்தா உடனே பிக்அப் மாத்தாதீங்க. முதல்ல உயரம் பாருங்க. கம்பியைக் கடைசி ஃப்ரெட்ல அழுத்தி, பிக்அப் காந்தத்துக்கும் கம்பிக்கும் 6வது பக்கம் 2.4 மி.மீ., 1வது பக்கம் 2 மி.மீ. வெச்சு ஆரம்பிங்க. தடிச்ச கம்பிகிட்ட காந்தம் ரொம்ப நெருங்கினா கம்பியைப் பிடிச்சு இழுக்கும், மேல் ஃப்ரெட்ல சுருதி அலையும். அதை இன்டொனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சுத்தம்) பிரச்சினைன்னு நினைச்சு நாள் பூரா சேடிலைத் திருகறவங்க உண்டு.

ஆறு மாசம் கழிச்சும் மனசு கேக்கலேன்னா செய்மூர் டங்கன் எஸ்எஸ்எல்-1 மாதிரி ஒரு அல்னிகோ 5 காந்த பிக்அப் செட் போடலாம். பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்) 250 கிலோ ஓம். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கறப்ப மேல என்ன எழுத்து அச்சிட்டிருக்குன்னு பாருங்க. வால்யூமுக்கு "ஏ" வேணும். "பி" லீனியர், 10ல இருந்து 3 வரைக்கும் பெரிய மாற்றமே தெரியாது, அப்புறம் தொப்னு விழும். பழைய பாட் உட்கார்ந்த துளையை அளந்துட்டுப் போங்க. சிடிஎஸ் கம்பெனி பாட்டுக்கு 9.5 மி.மீ. துளை வேணும், சின்னத் துளைன்னா பிக்கார்டைக் (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) குடையணும். பாட் முதுகுல எர்த் வயர் ஒட்ட 40 வாட் அயர்னாவது வேணும். மெல்லிசு அயர்னை ரொம்ப நேரம் வெச்சா ஈயம் ஒட்டறதுக்கு முன்ன பாட் உள்ள கருகிடும்.

மடிப்பாக்கம்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா. ஒரு துணைக் கேள்வி. ரெண்டு கிட்டார்லயுமே கை எடுத்தா "ம்ம்ம்"னு ஹம். சிங்கிள் காயில்னா வீட்லயும் இப்படித்தானா?

ஈயம்_கம்பி:
ஓரளவு இருக்கும், 50 ஹெர்ட்ஸ் அது. கம்பியைத் தொட்டா குறைஞ்சா கிட்டாரோட எர்த் ஒழுங்கா இருக்கு. தொட்டா கூடினா வயரிங்லயோ வீட்டு எர்த்லயோ கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்ட் எர்த் பார்க்கச் சொல்லுங்க. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகி ஹம்மைக் குறைக்கிறேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கம்பி வழியா ஷாக் வாங்கற வழி அது.

ஹம் கிடையாது, கர்ர்ர்னு முறுக்கலா கேக்குதுன்னா ஃபேன் ரெகுலேட்டரை ஃபுல்லுக்கு வெச்சுப் பாருங்க, எல்இடி லைட்டை ஒண்ணொண்ணா அணைச்சுப் பாருங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடறப்ப இன்னும் மோசமாகலாம். பிக்அப் தேர்வு ஸ்விட்சை 2வது, 4வது இடத்துல வெச்சு ஹம் டக்னு அடங்குதான்னு ரெண்டு கிட்டார்லயும் பாருங்க. அடங்கினா நடு பிக்அப் எதிர்ச்சுற்று.

ஆறாம்கம்பி:
10 வாட் ஆம்ப்ல ரெண்டு பிக்அப்புக்கும் உள்ள வித்தியாசம் பாதி கேக்காது. மிச்சப் பணத்துல 10 இல்ல 12 இன்ச் ஸ்பீக்கர் இருக்கிற ஆம்ப் எடுத்தா ஸ்குவையர் ஒரு படி ஏறும்.

பாண்டிபஜார்_பிளெக்ட்ரம்:
அபார்ட்மென்ட்ல 12 இன்ச்சா? பக்கத்து வீட்டு மாமி வந்து நிப்பாங்க. நல்ல ஹெட்ஃபோனும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கம்ப்யூட்டர்ல சொருகற பெட்டி) போதும்.

மடிப்பாக்கம்_தம்பி:
அப்டேட். செட்டப் பண்றவர் ஸ்குவையர்ல புது 10-46 போட்டு, ரிலீஃப் 0.25, ஆக்‌ஷன் (கம்பி உயரம்) 1.6ன்னு வெச்சுக் கொடுத்தார். முதல் ஃப்ரெட் கரகரப்பு சுத்தமா போச்சு. பெண்ட் 1.8லயும் செத்தது, கார்டு 15ல ஆடிச்சு. வேற பீஸ் எடுத்துக் கொடுத்தாங்க, அதுல ஆடல. அதையும் 10-46 போட்டே செட் பண்ணித் தந்தாங்க. போன்ல ஒரே இடத்துல இருந்து பிஆர்எஸ், ஸ்குவையர் ரெண்டையும் ரெக்கார்ட் பண்ணி, வால்யூம் சமமாக்கி, தங்கச்சியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். எது எந்த கிட்டார்னு பத்துல ஆறுதான் சரியா சொன்னேன். நெக் விஷயத்துல ஸ்குவையர்தான் கட்டை விரலுக்கு வாகா இருந்தது. எடுத்தாச்சு.

ஆனா இப்ப 3வது, 4வது கம்பி டியூன் பண்றப்ப "டிங்"னு சத்தம் வந்து சுருதி தாண்டிப் போகுது. ட்ரெமலோ பின்பக்கமும் முன்னைவிட மேல தூக்கி நிக்குது.

ஆறாம்கம்பி:
ரெண்டும் 9-ல இருந்து 10-க்கு மாறினதோட விளைவு. பின்பக்க மூடியைக் கழட்டி, ஸ்ப்ரிங்கைப் பிடிச்சிருக்கிற கிளா ஸ்க்ரூ ரெண்டையும் அரைச் சுத்து உள்ள ஏத்துங்க, மறுபடி டியூன் பண்ணிப் பாருங்க. பிரிட்ஜ் பழைய உயரத்துக்கு வர்ற வரைக்கும் இப்படியே. அதுக்கப்புறம்தான் ஆக்‌ஷனும் இன்டொனேஷனும். 12வது ஃப்ரெட்ல அழுத்தின சுருதி, அங்கயே லேசா தொட்டு வர்ற ஹார்மோனிக்கைவிட மேல போனா சேடிலைப் பின்னாடி தள்ளுங்க.

"டிங்" நட்லதான். 9-42ல 4வது கம்பி 24, இப்ப 26. குழி இறுகுது. 3வது 16ல இருந்து 17 ஆயிருக்கு. முதல்ல கம்பியைத் தளர்த்தி ஒதுக்கி, 2பி பென்சில் முனையை குழியில நல்லா தேய்ங்க. தீரலேன்னா வெல்டிங் சாமான் கடையில நாசில் சுத்தம் பண்ற கம்பி செட் கிடைக்கும், முள் மாதிரி சொரசொரப்பா இருக்கும். 4வது கம்பிக்கு 0.66 மி.மீ.க்கு ஒரு பொட்டு கூட உள்ள நாசில் கம்பியை எடுத்து, ஹெட்ஸ்டாக் (டியூனர் இருக்கிற தலைப்பகுதி) பக்கம் சரிவா பிடிச்சு ரெண்டு மூணு இழுப்பு. பக்கவாட்டை மட்டும் அகலப்படுத்துங்க, அடியைத் தொடாதீங்க. 3வது ஃப்ரெட்ல அழுத்தினா 1வது ஃப்ரெட் மேல கம்பி மயிரிழை இடைவெளி விட்டு நிக்கணும், உட்கார்ந்துட்டா நட் போச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைப் போட்டு டியூன் பண்ணிப் பாருங்க.

மடிப்பாக்கம்_தம்பி:
பென்சிலோட 3வது கம்பி தீர்ந்துடுச்சு அண்ணா. 4வதுக்கு நாளைக்கு வெல்டிங் கடை போறேன்.