லண்டன் தங்கச்சி இரத்ததானத்துக்கு ஆள் சேர்க்கிறாள், யோசனை சொல்லுங்கோ

உப்புவெளி அண்ணர்:
தங்கச்சி போகும் தேவாலயத்தில் பாதிப்பேர் நைஜீரியா, ஜமேக்கா வழி வந்தவர்கள். அவர்களை இரத்தம் கொடுக்க வரச்செய்யும் பொறுப்பு அவள் தலையில். நான் திருகோணமலையில் இரத்ததான முகாம் நடத்துகிறவன் என்று என்னிடம் யோசனை கேட்கிறாள். எனக்கோ முதல் சந்தேகமே தீரவில்லை: கறுப்பினத்தவர் என்று ஏன் தனியாக?

ஆய்வுகூடத் தம்பி:
அண்ணை, ஏ, பி, ஓ மட்டும் பார்த்தால் போதாது. பொசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்லுற ஆர்எச் வகைக்குள் ஆர்ஓ (Ro) என்று ஒரு உபவகை இருக்கு. பிரித்தானியாவில் கறுப்பின வம்சாவளியினரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது உண்டு, மற்றவர்களில் 100க்கு 2 பேர் அளவில்தான். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் அங்கே பெரும்பாலும் கறுப்பினத்தவருக்குத்தான் வரும்; அந்த நோயாளிகள் பலருக்கு ஏற்ற ஆர்ஓ இரத்தம்தான் தேவை. பொருந்தாத இரத்தம் ஏறினால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கும். அடுத்த முறை பொருத்தம் தேடுவது இன்னும் கஷ்டம். ஆர்ஓ இல்லையென்றால் ஆர்எச் நெகட்டிவ் இரத்தத்தில் கைவைப்பார்கள், அதுவே தட்டுப்பாடு.

பர்மிங்காம் மச்சாள்:
அரிவாள் செல் மரபணுவைச் சுமந்தாலும் நோய் இல்லாதவர்கள் இங்கே கொடுக்கலாம். அது தெரியாமல் ஒதுங்கிவிடாமல் பாருங்கோ. மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்தால் சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள், ஆகவே பயணத்துக்கு முன்னரே கொடுக்கட்டும்.

உப்புவெளி அண்ணர்:
சரி, இப்ப விளங்குது. எங்கட முகாமுக்கு நோட்டீசைப் பார்த்து வருபவர் குறைவு. பெடியன்கள் ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டுதான் வருவாங்கள். ஊசியைக் கண்டு வெளிறினவனே பிஸ்கட் பைக்கற்றோடு வெளியே வந்து மற்றவனை உள்ளே தள்ளுவான்! அரிவாள் செல் பிள்ளையின் தாய் ஒருத்தி ஆராதனை முடிய இரண்டு நிமிடம் பேசட்டும், வாசலில் ஒருவர் போனோடு நின்று அங்கேயே நேரம் பதிந்து கொடுக்கட்டும் என்று தங்கச்சிக்கு எழுதிவிட்டேன்.