பண்டிகை நாட்களில் கால்பந்து: வீட்டையும் ஆட்டத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மர்ஃபி டவுன் மருமகன்:
பெங்களூரில் எங்கள் மாமனார் வீட்டில் டிசம்பர் 26ஆம் தேதி மாலைதான் உறவினர்கள் எல்லாரும் கூடுவார்கள். ஜெர்மனியின் பூந்தெஸ்லீகா அந்த வாரத்தில் ஓய்வெடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கோ அப்போதுதான் ஆட்டங்களை அடுக்குகிறது. அங்கே பகல் 12.30 என்றால் நமக்கு மாலை 6, அங்கே 3 மணி என்றால் இரவு 8.30, அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு 1.30. விருந்தினர் வருவது முதல் அவர்களை வழியனுப்புவது வரை ஒவ்வொரு வேளையிலும் ஓர் ஆட்டம் குறுக்கே நிற்கிறது. செல்பேசியை மடியில் ஒளித்துப் பார்ப்பது எனக்கே பிடிக்கவில்லை. அதை மாமனார் கண்டும் காணாதது போல் இருப்பது, திட்டுவதைவிடச் சங்கடமாக இருக்கிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கௌதமபுரத்துக்காரர்:
தம்பி, இந்த இழுபறி இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் அன்றே லீக் ஆட்டங்கள் நடந்த காலம் உண்டு. அப்போது அங்கே உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனில் அப்படிக் கடைசியாக நடந்தது 1965இல், பிளாக்பூலும் பிளாக்பர்னும் மோதியபோது. மறுநாளும் அங்கே பொது விடுமுறை என்பதால் 26ஆம் தேதி வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 1963இல் அதே நாளில் முதல் டிவிஷனின் 10 ஆட்டங்களில் 66 கோல்கள் விழுந்தன என்றால், அது எப்பேர்ப்பட்ட நாள் என்று பாருங்கள். பெலேக்குச் சிலை வைத்த பேட்டை எங்களுடையது. இங்கே பண்டிகையையும் பந்தையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாமனாரையே பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவர் நான்காவது முறை கேட்கும்போதும் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

குல்குல் கட்சி:
ஐயா சொல்வது கூடத்தில் சோபாவில் உட்காரக் கொடுத்துவைத்தவர்களுக்குப் பொருந்தும். சமையலறையில் நிற்கும் என்னைப் போன்ற ஆர்சனல் ரசிகைகள் என்ன செய்வது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ரவை டப்பாமேல் செல்பேசியைச் சாய்த்து வைத்து, குல்குல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டிக்கொண்டே நான் பார்ப்பது பாதி ஆட்டம்தான். அந்தச் சமயத்தில் சுருட்டிய குல்குல்களில் வரி கோணலாகத்தான் விழும். 26ஆம் தேதி மட்டும் எனக்கு ஒரே ஓர் ஆட்டம். எது என்பதை ஒரு வாரம் முன்பே வீட்டில் அறிவித்துவிடுவேன். மற்றவை மறுஒளிபரப்பில். சொல்லிவிட்டுப் பார்த்தால் யாரும் முணுமுணுப்பதில்லை.

மேற்கு பிளாக்:
மறுஒளிபரப்பை நம்புபவர்கள் வாட்ஸ்அப் குழுக்களை முதலில் முடக்குங்கள். அல்சூரில் நேரலையிலும் ஒரு தொல்லை உண்டு. செயலி வழியாக வரும் காட்சி டிஷ் ஒளிபரப்பைவிடப் பல விநாடிகள் பின்தங்குவதால், நம் திரையில் பந்து நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டில் ‘கோல்’ என்று கத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் ஊர்க் கண்டீரவா விளையாட்டரங்கத்துக்கு யார் போவது? 2024 டிசம்பர் 7ஆம் தேதி, அங்கே 40 வயது சுனில் சேத்ரி ஹாட்ரிக்காக மூன்று கோல் அடித்து, கேரளா பிளாஸ்டர்ஸை பெங்களூரு அணி 4-2 என்று வென்றது. மாமனார், மச்சான், பிள்ளைகள் என்று வீட்டோடு கிளம்பிப் போகக்கூடிய ஆட்டத்தில் எதையும் மடியில் ஒளிக்க வேண்டியதில்லை.

மர்ஃபி டவுன் மருமகன்:
அனைவருக்கும் நன்றி. இரவு 8.30 ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதுவும் கூடத்துத் தொலைக்காட்சியில், டிஷ் வழியாக. மாலை 6 மணிக்குப் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் அணியின் ஆட்டம் 1.30க்கு அமைந்துவிட்டால்தான் சிக்கல். மறுநாள் அலுவலகம் உள்ளவர்கள் அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?