சொந்தமாக ஒரு செஸ்னாவா, மணிக்கணக்கில் வாடகையா?

குமரிக்காற்று:
சான் ஹோசேயில் இருக்கிறேன். ரீட்-ஹில்வியூ விமானத் தளத்தில் மூன்று வருடமாக செஸ்னா 172 என்ற நாலு இருக்கைச் சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். எரிபொருளும் சேர்த்து மணிக்கு 180 டாலர். வருடத்துக்கு 70 மணி என்றால் 12,600 டாலர் போகிறது. இப்போது 1978 மாடல் 172 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 1,00,000 டாலர் சொல்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, கடன் வேண்டாம். வாங்கலாமா? வைத்திருப்பவர்களும் விற்றவர்களும் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

மேகராசன்:
தயங்காமல் வாங்குங்கள் தம்பி. நான் பதினொரு வருடமாக ஒரு 172 வைத்திருக்கிறேன். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவு: கட்டி நிறுத்தும் இடத்துக்கு மாதம் 200 டாலர், இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 1,500, ஆண்டுச் சோதனைக்கு 3,000. மொத்தம் 6,900. பறக்கும் மணிக்கு 8 கேலன் எரிபொருள், 52 டாலர். எஞ்சினை 2,000 மணிக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் செய்ய 40,000 என்று வைத்தால் அதற்கு மணிக்கு 20. ஆயில், டயர், சில்லறைக்கு 8. ஆக மணிக்கு 80. வாடகையைவிட மணிக்கு 100 டாலர் மிச்சம். 69 மணி தாண்டினால் சொந்த விமானம்தான் லாபம். நீங்கள் 70 பறக்கிறீர்கள்.

காசை விடுங்கள். சான் டியேகோவில் தங்கை வீட்டுக்கு நான்கு நாள் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 7 மணிதான் பறப்பேன். வாடகைக்கு விடுபவர்கள் நாளுக்குக் குறைந்தது 3 மணி என்று 12 மணிக்குக் காசு கேட்பார்கள். 5 மணி, 900 டாலர், விமானம் சும்மா நின்றதற்கு! என் விமானம் எத்தனை நாள் நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இருக்கையை என் கால் நீளத்துக்கு வைத்த இடத்திலேயே இருக்கும். எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று இறக்கைக்குக் கீழே குப்பியில் பிடித்துப் பார்க்கும்போது, போன வாரம் அதில் யார் என்ன ஊற்றினார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஊற்றியது நான்தான்.

பாலோஆல்டோ செல்வி:
மேகராசன் அண்ணா, உங்கள் கணக்கில் ஒரு லட்சம் டாலர் எங்கே போனது? அதை வங்கியில் 4 சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 4,000 வரும். அதையும் சேர்த்தால் நிலையான செலவு 10,900. அப்போது 69 மணி இல்லை, 109 மணி பறந்தால்தான் கணக்கு நேராகும். வாரத்துக்கு இரண்டு மணிக்கு மேல், மழைக்காலத்திலும் சேர்த்து.

நானும் நான்கு வருடம் சொந்தமாக வைத்திருந்தவள்தான். இரண்டாவது குழந்தை பிறந்த வருடம் 20 மணிகூடப் பறக்கவில்லை. ஆண்டுச் சோதனையில் மெக்கானிக் ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் காட்டினார். பொடிப்பொடியாக மின்னியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் எல்லாம் ஒட்டிக்கொண்டன. எஃகு. எஞ்சின் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு, காம்ஷாஃப்ட், போய்விட்டது என்றார். என் விமானத்தில் இருந்த லைக்கமிங் கம்பெனி எஞ்சினில் காம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. ஓட்டாமல் நிறுத்தினால் ஆயில் கீழே வடிந்து, அது துருப்பிடித்துவிடுகிறது. பறக்காமல் இருந்து பணத்தைச் சேமிக்கலாம் என்று நினைத்தேன், பறக்காததே எஞ்சினைத் தின்றுவிட்டது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரே பில்லுக்குப் பத்தவில்லை.

இன்னொன்று, நீங்கள் பார்க்கிற 1978 மாடலில் பெரும்பாலும் லைக்கமிங்கின் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் இருக்கும். காம்ஷாஃப்ட்டும் அதோடு உரசி நகரும் டாப்பெட்டும் சீக்கிரம் தேய்வதற்குப் பேர்போன எஞ்சின் அது. ஒழுங்காகப் பறந்த எஞ்சின் நன்றாகவே ஓடும். நின்று கிடந்தது என்றால் கிட்டே போகாதீர்கள்.

மேகராசன்:
செல்விம்மா, உங்களுக்கு நடந்தது வருத்தமான விஷயம்தான். எஞ்சின் பற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். என்னுடையதை பத்து நாளுக்கு ஒருமுறையாவது எடுக்காமல் இருக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு லட்சம் தொலைந்துபோகிற பணம் இல்லையே. 2020-க்கு அப்புறம் பழைய 172 விலை ஏறித்தான் இருக்கிறது. நான் கொடுத்ததைவிட நல்ல விலைக்கு என்னுடையது இன்றைக்குப் போகும்.

பாலோஆல்டோ செல்வி:
நீங்கள் பதினொரு வருடம் முன்னே வாங்கினீர்கள், உங்களுக்கு ஏறியது. தம்பி ஏறி முடித்த விலையில் வாங்கப் போகிறார். அவருக்கும் ஏறும் என்று யார் உறுதி சொல்வது?

தம்பி, ஒன்று கேட்கிறேன். 70 மணி என்கிறீர்களே, பறந்த மணியை எழுதி வைக்கும் லாக் புக்கைத் திறந்து கூட்டிப் பார்த்துச் சொன்னதா, மனக்கணக்கா?

கால்பங்கு:
இரண்டு பேரும் நடுவில் இருக்கும் வழியை விட்டுவிட்டீர்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு 172 வைத்திருக்கிறோம். செல்வி அக்கா சொன்ன 10,900-ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 2,725. அவரவர் பறக்கிற மணிக்கு 80. நான்கு பேர் ஓட்டுவதால் எஞ்சின் சும்மா நிற்பதே இல்லை, துருவுக்கு நேரம் கிடைப்பதில்லை. நாலு பேருக்கு ஒரு விமானம் என்றாலும் சனிக்கிழமை காலை தவிர மற்ற நேரத்தில் மோதல் வந்ததில்லை.

ஆனால் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் விலகினால் பங்குக்கு விலை எப்படி, பழுதுக்குக் காசு தராவிட்டால் என்ன, யார் தரையில் இடித்தால் யார் கட்டுவது. நாங்கள் நண்பர்கள்தானே என்று முதலில் எழுதாமல் விட்டோம். ஒருவர் வேலை மாறி டெக்சாஸ் போனபோது பங்கு விலையில் மனக்கசப்பு வந்து, எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

குமரிக்காற்று:
லாக் புக்கைத் திறந்து கூட்டினேன். போன வருடம் 46 மணிதான். 70 என்பது என் ஆசை போலிருக்கிறது. 46 மணிக்கு வாடகை 8,280. தனியாக வாங்கினால் 14,580. நாலில் ஒரு பங்கு என்றால் 6,405, அதுவும் நால்வரும் ஒத்துப்போனால்.

மேகராசன்:
அந்த 46 எப்படி வந்தது என்றும் பாருங்கள் தம்பி. எத்தனை சனிக்கிழமை முன்பதிவு கிடைக்காமல் வீட்டில் இருந்தீர்கள்? உங்களுக்கு முன்னால் எடுத்தவர் தாமதமாகக் கொண்டுவந்ததால் எத்தனை முறை பாதியில் திரும்பினீர்கள்? பயணியை ஏற்ற, கடைசி 90 நாளில் மூன்று முறை விமானத்தைக் கிளப்பித் தரையிறக்கியிருக்க வேண்டும். அதற்கே ஓடுகிற நிலைமை வாடகைக்கு எடுப்பவருக்கு வருகிறது. சாவி உங்கள் கையில் இருந்தால் 46 எண்பதாகும். எனக்கு அப்படித்தான் ஆனது.

பாலோஆல்டோ செல்வி:
எனக்கு இருபதானது. சாவி என் கையில்தான் இருந்தது.

வாடகையே போதும் என்று தோன்றினால் ஒரு விஷயம்: விமானத்தை வாடகைக்குத் தரும் பயிற்சிப் பள்ளியின் இன்ஷூரன்ஸ் பள்ளியைத்தான் காப்பாற்றும். நீங்கள் இடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தக் காசைக் கேட்டு உங்களிடம் திரும்பி வரலாம். வாடகைக்கு ஓட்டுபவருக்கென்று தனி பாலிசி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குமரிக்காற்று:
முன்பதிவு கிடைக்காத நாட்களை நான் குறித்து வைக்கவில்லை அண்ணா, இனிமேல் குறிக்கிறேன். ஆறு மாதம் வாடகையிலேயே பறந்துவிட்டு அந்த எண்ணிக்கையோடு வருகிறேன். கால்பங்கு, உங்கள் ஒப்பந்தத்தின் மாதிரியை அனுப்ப முடியுமா? டெக்சாஸ் போனவருக்கு அப்புறம் எழுதியதை.