ரோபோ அறுவையில் சிரைவழித் திரவம்: கொடுத்தால் பலன் தருமா என்பதை முன்கூட்டி அறிவது எப்படி?

கேள்வி (மயக்கவியல் முதுநிலை மாணவி):
அனைவருக்கும் வணக்கம். ரோபோ உதவியுடன் புராஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவைகளில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. நோயாளியோ தலைப்பக்கம் மிகச் சரிவாகத் தாழ்த்தப்பட்ட நிலையில் மணிக்கணக்கில் இருக்கிறார். இடையில் இரத்த அழுத்தம் இறங்கினால், திரவம் கொடுத்து ஸ்ட்ரோக் வால்யூமை (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்த அளவை) உயர்த்த முடியுமா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? பி.பி.வி. எனப்படும் நாடியழுத்த மாறுபாடு (செயற்கைச் சுவாசத்தின் ஒவ்வொரு மூச்சுக்கும் நாடியழுத்தம் மாறும் அளவு) 13 சதவீதத்தைத் தாண்டினால் கொடுக்கலாம் என்று படித்திருக்கிறேன். ஆனால் திரையில் 10 இருக்கும்போது பலன் கிடைப்பதையும், 15 இருக்கும்போது கிடைக்காமல் போவதையும் பார்க்கிறேன்.

பதில் 1:
அந்த 13 என்ற எல்லை, சமதளத்தில் படுத்து, சீரான சைனஸ் துடிப்புடன் (இயல்பான இதயத் துடிப்புடன்), கிலோவுக்கு 8 மி.லி. அல்லது அதற்கு மேல் டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் செலுத்தும் காற்றின் அளவு) பெறும் நோயாளிகளுக்குப் பொருந்துவது. அங்கேகூட 9 முதல் 13 வரை தெளிவற்ற பகுதிதான். நீங்கள் சொல்லும் நிலையில் வாயு உதரவிதானத்தை மேலே தள்ளி மார்புச் சுவரை இறுக்குவதால், இரத்தக் குறைவே இல்லாமலும் பி.பி.வி. கூடலாம், நுரையீரலைக் காக்க நாம் வைக்கும் கிலோவுக்கு 6 மி.லி. டைடல் வால்யூம் அதைக் குறைத்துக் காட்டும். தலை தாழ்ந்திருப்பதால் கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் அதைக் குறைக்கும். மூன்றும் கலந்து வந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பது சரியல்ல.

எண்ணைவிட அதன் மாற்றத்தை நான் நம்புகிறேன். டைடல் வால்யூமை கிலோவுக்கு 6 மி.லி.யிலிருந்து 8 மி.லி.க்கு ஒரு நிமிடம் மட்டும் உயர்த்தி, பி.பி.வி. எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சமதள நிலையில் 3.5 புள்ளிகள் ஏறினால் திரவத்துக்குப் பலன் இருக்கும் என்று கொள்வார்கள். தலை தாழ்ந்த நிலையில் ஏற்றம் சிறிதாகவே இருக்கும் என்பதால் அந்த எல்லையை அப்படியே எடுத்து வைக்க வேண்டாம். ஏற்கெனவே உயர்ந்திருக்கும் காற்றுப்பாதை அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே செய்யுங்கள், முடிந்ததும் மறவாமல் 6 மி.லி.க்குத் திரும்புங்கள்.

பதில் 2:
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) உள்ளவர்களுக்கு மேற்கண்ட முறை உதவாது. ரோபோவின் கைகள் பொருத்தப்பட்ட பின் கால்களை உயர்த்திப் பார்க்கும் சோதனைக்கும் வழியில்லை. அவர்களுக்கு 100 மி.லி. திரவத்தை ஒரு நிமிடத்தில் செலுத்தி, ஸ்ட்ரோக் வால்யூம் 5 சதவீதத்துக்கு மேல் கூடுகிறதா என்று பார்க்கலாம். துடிப்புக்குத் துடிப்பு அளவு மாறுவதால் பல துடிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். மைய சிரை அழுத்தத்தை (இதயத்தருகே உள்ள பெருஞ்சிரையின் அழுத்தத்தை) தயவுசெய்து பார்க்காதீர்கள், இந்த நிலையில் அது எல்லோருக்கும் உயர்ந்துதான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சோதனையில் பலன் தெரிந்தால் உடனே கொடுத்துவிடலாமா, ஐயா?

பதில் 1:
கூடாது, அம்மா. பலன் தரும் என்பதும் தேவைப்படுகிறது என்பதும் வேறு வேறு; ஆரோக்கியமான இதயம் பெரும்பாலும் திரவத்துக்குப் பலன் காட்டும். முதலில் மயக்கத்தின் ஆழம் கூடிவிட்டதா, வாயு நிரப்பியதால் நாடி மந்தமாகிவிட்டதா, இரத்தநாளங்கள் தளர்ந்ததற்கு நார்அட்ரினலின் (நாளங்களைச் சுருக்கும் மருந்து) போதுமா என்று பாருங்கள். சிறுநீர்ப்பையையும் யூரித்ராவையும் (சிறுநீர் வெளியேறும் உடற்குழாயையும்) இணைத்துத் தைக்கும்வரை திரவத்தைக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் உண்டு: அதிகம் கொடுத்தால் தையல் இடத்தில் சிறுநீர் தேங்கும், முகமும் குரல்வளையும் வீங்கும். வாயுவை வெளியேற்றி மேசையைச் சமன்படுத்தியதும் அழுத்தம் மீண்டும் சரியலாம். அப்போது முந்தைய அளவீடுகளைக் கருதாமல் புதிதாகச் சோதித்து, தேவையெனில் 250 மி.லி. கொடுத்து விளைவைப் பாருங்கள்.