13 வயது மகன் பாரம் தூக்கிப் பழகலாமா? உயரம் நின்றுவிடும் என்கிறார்கள்

கேள்வி: உவர்மலைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எனது மகனுக்குச் சென்ற மாதம் 13 வயது நிறைந்தது. மாலை வேளைகளில் ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் பழகுகிறான். அவனோடு விளையாடும் பிள்ளைகள் சிலர் இந்த ஒரு வருடத்துக்குள் ஓங்கி வளர்ந்துவிட்டதால், பந்துக்காக மோதும்போது இவன்தான் தள்ளுண்டு விழுகிறான். ஆகவே தானும் உடலை வலுப்படுத்த வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். உயர்தரம் படிக்கும் என் அண்ணாவின் மகன் நகரில் ஒரு ஜிம்முக்குப் போகிறார். அவருடன் தன்னையும் அனுப்பும்படி நாள்தோறும் கேட்கிறான்.

என் மாமி இதற்கு அறவே உடன்படவில்லை. வளரும் பிள்ளை பாரம் தூக்கினால் குள்ளமாகவே நின்றுவிடுவான் என்கிறார். சிறு வயதிலேயே மூட்டை சுமக்கும் வேலைக்குப் போன அவருடைய தம்பி, குடும்பத்தில் மற்ற ஆண்கள் எல்லோரையும்விட உயரம் குறைந்தவராகவே இருந்தாராம். கண்ணால் கண்டதைச் சொல்பவரின் பேச்சை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மருமகன் குடிக்கும் புரத மாவைத் தானும் குடிக்க வேண்டும் என்று மகன் கேட்பதும் என்னைக் கவலைப்படுத்துகிறது. விடயம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இயன்மருத்துவர், திருகோணமலை நகரம்

வணக்கம் சகோதரி. உங்கள் மாமியின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரில் அநேகர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளுவது அங்கேதான். முற்றிய எலும்பைவிட அது மென்மையானது என்பதால், அதில் பலமான காயம் பட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பது உண்மை. ஆனால் அத்தகைய காயங்கள், கற்பிப்பவர் அருகில் இல்லாமல், தன்னால் இயன்ற உச்ச எடையைப் பிழையான முறையில் தூக்க முயன்ற பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் பதிவாகியுள்ளன. முறையாகக் கற்பிக்கப்பட்டு, கண்காணிப்புடன், எடையைப் படிப்படியாகக் கூட்டிச் செய்யும் பயிற்சி உயரத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும் இதுவே. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்குவதோடு, தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்களில் வாரத்துக்கு 3 நாளாவது ஈடுபட வேண்டும் என்று கூறுகிறது. உங்கள் மகன் தலையால் பந்தை முட்டுவதற்காக எம்பிக் கீழே இறங்கும்போது அவனது கால்கள் தாங்கும் விசை, உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதைப் பார்த்து நாம் யாரும் அஞ்சுவதில்லை.

மாமியின் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுவதும் ஓய்வின்றிச் சுமந்து, அரை வயிற்றுக்கு உண்டு, போதிய உறக்கமின்றி வளர்ந்த பிள்ளையின் உயரம் குறைந்திருந்தால், அதற்கு மூட்டையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. உயரத்தைத் தீர்மானிப்பவற்றுள் பரம்பரையும் போசாக்கும் முதன்மையானவை. அவர் செய்தது உழைப்பு. நாம் பேசுவது வாரத்தில் இரண்டு மூன்று நாள், அரை மணி நேரம், நடுவில் ஓய்வுடன் செய்யும் பயிற்சி.

இன்னொன்றையும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பருவ மாற்றம் முழுமையடையாத வயதில் வலு கூடும், ஆனால் கை திரண்டு வருவதில்லை. நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் கயிறு அசையாது. அதே ஆட்கள் பாட்டுக்கு ஒத்து ஒரே மூச்சில் இழுத்தால் வலையின் மடி கரைக்கு வருகிறது. பிள்ளையின் தசையிலும் இதுவே நடக்கிறது. நரம்புகள் கூடுதலான தசை நார்களை ஒரே நேரத்தில் இயங்க வைக்கப் பழகுகின்றன. இரண்டு மூன்று மாதப் பயிற்சியில் பிள்ளைகளின் வலு 30 முதல் 50 சதவீதம் வரை கூடக் கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன, அதுவும் தசை பெருக்காமலேயே. கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று மனம் சோர்ந்து அவன் எடையைத் திடீரென்று கூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை வலியுறுத்துகிறேன்.

தொடங்குமுன் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். வலிப்பு நோய், கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம், இதயத் தசை நோய் உள்ள பிள்ளைகளும், புற்றுநோய்க்கு இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் பெற்ற பிள்ளைகளும் வைத்தியரின் அனுமதியின்றி இதில் இறங்கவே கூடாது. புரத மாவு தேவையில்லை. முட்டை, பயறு, கடலை, நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூடை, சாளை மீன்கள் போதும். உடலைப் பெருக்க ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ யாராவது கொடுக்க முன்வந்தால் அந்த இடத்துக்கு மறுபடி அனுப்பாதீர்கள். வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளச் செய்வது உண்மையில் அதுதான்.

பதில் 2: கிண்ணியாத் தந்தை

சகோதரிக்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடந்த நோன்புப் பெருநாளுக்குப் பின்னர் நான் எனக்காக ஒரு சோடி டம்பெல் வாங்கிக் கூடத்தின் மூலையில் வைத்திருந்தேன். நான் கடைக்குப் போன நேரத்தில் எனது 9 வயது மகன் அதில் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்திருக்கிறான். வியர்வைக் கையிலிருந்து வழுக்கி அது காலின் பெருவிரலில் விழுந்தது. நகம் முழுவதும் கறுத்து, வெடிப்புக் கண்டிருந்த எலும்பு பொருந்தும்வரை பல வாரங்கள் அவன் பாதணி போட முடியாமல் பாடசாலைக்குப் போனான். கட்டுப் போட்ட தாதி, பிள்ளைகளுக்குப் பாரத்தால் வரும் காயங்களில் கையிலும் காலிலும் விழுவதும் விரல் நசுங்குவதுமே அதிகம் என்று சொன்னார். குற்றம் என்னுடையது, எட்டும் இடத்தில் வைத்தவன் நானே. இப்போது அவை பூட்டிய அலுமாரிக்குள் இருக்கின்றன. ஜிம்மைப் பற்றி யோசிக்கும் அதே வேளையில், வீட்டில் என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள்.

பதில் 3: உடற்கல்வி ஆசிரியர், உப்புவெளி

அம்மா, மேலே எழுதிய இருவருடனும் உடன்படுகிறேன். ஆனால் ஜிம்முக்கு அனுப்புவதா இல்லையா என்பதற்கு முன்னர், பிள்ளை தன் உடலை எப்படி அசைக்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்று மாலையே மகனைச் சுவரோரம் நிற்க வைத்து, கதிரையில் உட்காருவதுபோல் மெதுவாகக் கீழே இறங்கி எழச் சொல்லுங்கள். முன்னால் நின்று முழங்கால்களை மட்டும் கவனியுங்கள். எனது மாணவர்களில் பலருக்கு, எழுகின்ற அந்தக் கணத்தில் இரு முழங்கால்களும் ஒன்றையொன்று தொடப்போவதுபோல் உள்நோக்கிச் சரியும். குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பும். அந்த நிலையில் தோளில் ஒரு கம்பியை வைத்தால் பழுது பழுதாகவே வலுப்பெறும். ஆகவே நான் முதல் ஆறு வாரமும் பாரமே கொடுப்பதில்லை. பாதணியின் நுனி பார்க்கும் திசையிலேயே முழங்காலும் பார்க்கட்டும் என்று சொல்லித் திருத்துகிறேன். முழங்காலூன்றிய தண்டால், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பேணுதல், மரக்கிளையில் தொங்குதல், சிறிய படியிலிருந்து குதித்து ஓசையின்றி இறங்குதல் ஆகியவையே அந்த நாட்களுக்குப் போதும்.

அதன் பின்னர் இலேசான எடையில் 8 முதல் 12 தடவை, ஒன்று அல்லது இரண்டு சுற்று. 15 தடவை முறை தவறாமல் செய்ய முடிந்தால் மட்டும் எடையை 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம். கடைசித் தடவையில் முதுகு வளைந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது என்பது என் மைதானத்துச் சட்டம். பயிற்சிக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைகளை மைதானத்தில் வாட்டாதீர்கள். காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ, தண்ணீர்ப் போத்தலுடன் வரச் சொல்லுங்கள்.

வயது என்று கேட்டால், சொன்னதைக் கேட்டு அப்படியே செய்யும் பக்குவமும் உடற் சமநிலையும் வந்திருக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது 7, 8 வயதில் வந்துவிடுகிறது. 15 வயதிலும் வராதவர்களும் இருக்கிறார்கள்.

உவர்மலைத் தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஆசிரியர் ஐயா சொன்னபடி மகனை உட்கார்ந்து எழச் செய்தேன். முழங்கால்கள் உள்ளே சரிந்தன. அவனுக்கே அது தெரிந்தது. பிறகு மருமகனுடன் அந்த ஜிம்மைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் நின்ற முக்கால் மணி நேரத்தில் பழக்குநர் ஒருமுறைகூட எந்தப் பிள்ளையின் பக்கமும் வரவில்லை. பையன்கள் இருவர் யார் அதிகம் தூக்குவது என்று பந்தயம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இப்போதைக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மைதானத்தில் உதைபந்தாட்டம் பழக்குபவரிடம் பேசினேன். பயிற்சி தொடங்குமுன் 20 நிமிடம் இதற்கென ஒதுக்க உடன்பட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மீதியிருக்கிறது. அண்ணன் செய்வதைப் பார்த்து 10 வயது மகளும் கூடவே செய்கிறாள். பெண் பிள்ளைக்கு இது தகுமா என்று மாமி கேட்கிறார்.

பதில் 4: இயன்மருத்துவர், திருகோணமலை நகரம்

தாராளமாகச் செய்யட்டும், சகோதரி. என்னைக் கேட்டால் அவளுக்கு இது இன்னும் அவசியம் என்பேன். எலும்பின் அடர்த்தி மிக வேகமாகக் கூடுவது பருவமடையும் காலத்தை ஒட்டிய சில ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகளில்தான் நம் பெண் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுகிறோம். வலைப்பந்தாட்டம் போன்ற விளையாட்டுகளில் முழங்கால் எலும்புகளைப் பிணைத்து வைக்கும் இணையம் என்ற நார் அறுபடும் ஆபத்தும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். குதித்து முறையாக இறங்கப் பழகுவதும் தொடைத் தசைகளை வலுப்படுத்துவதும் அதைக் குறைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவள் அண்ணனுடைய எண்ணிக்கையைப் பிடிக்க முயல்வாள். அவளுக்கென்று தனிக் கொப்பி ஒன்று கொடுத்து, அன்றன்று செய்ததை அவள் கையாலேயே எழுத விடுங்கள்.